பைதான் 7ஆம் வரியில் பிழை என்றது, பிழை இருந்தது 6இல்

மூன்று நாள் வீணாகப் போன எரிச்சலில் எழுதுகிறேன். ஏ.எல். (உயர்தரம்) ஐ.சி.டி. பாடப் பயிற்சிக்கு, பைதான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன புரோகிராம். அம்மா எடுத்த தேயிலைக் கொழுந்து எத்தனை கிலோ என்று கொடுத்தால், 18 கிலோவுக்கு மேல் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மொத்தமே 14 வரி. ஓட்டினால் 'இன்வாலிட் சின்டாக்ஸ்' (எழுதிய முறை பிழை), 7ஆம் வரி என்கிறது. பிழையான இடத்தைக் காட்டும் அந்தக் கூரைக்குறி (^) 'இஃப்' (if) வரியின் கடைசியில் இருக்கும் முக்காற்புள்ளியைக் (:) காட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே ஒரு குறையும் இல்லை. அழித்து அடித்தேன், திரும்ப அழித்து அடித்தேன், அதே பாட்டு.

சனிக்கிழமை மழையோடு பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய் ஒரு கொமியூனிகேஷன் கடையில் காட்டினேன். அந்த அண்ணன் கோட் பக்கம் திரும்பக்கூட இல்லை. "விண்டோஸ் பழசு தம்பி, புதுசா அடிக்கணும், 2500 ஆகும்" என்றார். பஸ் காசும் போய், நனைந்ததும்தான் மிச்சம்.

ராத்திரி எங்கள் லயத்து வீட்டில் எட்டாம் ஆண்டு படிக்கும் தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பைதான் என்றால் அவளுக்குப் பாம்புதான். "அண்ணே, மேல்வரியில ரெண்டு அடைப்பு தொறந்திருக்கு, ஒண்ணுதானே மூடியிருக்கு?" என்றாள். கிலோவை வாங்க 'இன்ட்'டுக்குள் (int) 'இன்புட்' (input) போட்ட 6ஆம் வரி அது, கடைசி அடைப்பைக் காணோம். மூடாத அடைப்பு இருந்தால் பைதானுக்கு வரி முடிவதே இல்லை, அடுத்த வரியையும் அதோடு சேர்த்தே வாசிக்கும், முக்காற்புள்ளி வந்த பிறகுதான் முட்டிக்கொள்ளும். அதனால் காட்டுகிற வரி சரியாக இருந்தால் ஒரு வரி மேலே போய் அடைப்புகளை எண்ணுங்கள்.

கடை அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது (2500 ரூபாவுக்கான விஷயம் இல்லை). விண்டோஸ் 7இல் பைதான் 3.8 பதிப்புக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகு 2021இல் வந்த 3.10 என்றால் அடைப்பு மூடவில்லை என்று அதுவே சொல்லி, திறந்த இடத்தையும் காட்டிவிடும். பழைய லப்டொப் வைத்திருப்பவர்கள் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அடைப்பைப் போட்டதும் முடிந்தது என்று நினைத்தேன். இப்போது 12ஆம் வரி. பைதான் இந்த மாதிரிப் பிழைகளை ஒவ்வொன்றாகத்தான் சொல்லும், முதலாவதைத் திருத்தினால்தான் அடுத்தது வெளியே வரும். இந்த முறை ஏதோ செல்லாத எழுத்து என்றது. அந்த வரி, படிப்பிக்கிற சேர் (ஆசிரியர்) வேர்டில் அடித்து அனுப்பிய நோட்டிலிருந்து ஒட்டியது. வேர்டு மேற்கோள்குறியை வளைத்துவிடுகிறது, பைதானுக்கு நேர்குறிதான் வேண்டும், கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கையால் திரும்ப அடித்தேன், சரியாகிவிட்டது. வரித் தொடக்க இடைவெளியில் டெப்பும் (Tab) ஸ்பேஸும் கலந்த ஒரு இடம் மிஞ்சியது, அது இரண்டு நிமிஷ வேலை.

ஓடியது! 23 என்று கொடுத்தேன், 5 என்றது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கா மூணு நாளு?" என்றார். தங்கச்சிக்கு ஒரு ஐஸ் பக்கெட் கடன் இருக்கிறது, கடைக்காரருக்கு ஒன்றும் இல்லை.