தடித்த எழுத்தில் ஒரு 214

அம்மாவுக்கு 63 வயது. போன ஆடி மாதம் ஒரு ராத்திரி, உளுந்தவடை சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், விடியும்வரை படுக்கவில்லை. வலி வலது தோள்பட்டை வரைக்கும் போனது. "வாயுதான்டி, சீரகத் தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்றாள். மறுநாள் தெருமுனை டாக்டர் முதலில் ஈசிஜி எடுத்தார். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றதும் வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பித்தப்பையில் ஐந்தாறு கற்கள், பெரியது 8 மில்லிமீட்டர். ஆனால் அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது.

அது எப்படி என்று எனக்குக் குழப்பம். கல் பைக்குள்ளேயே கிடந்தால் ரத்தத்தில் தெரியாது, நகர்ந்து போய்ப் பித்தக் குழாயை அடைத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அம்மா தீபாவளி முடியட்டும் என்றாள்.

தீபாவளிவரை கல் காத்திருக்கவில்லை. மூன்றே வாரத்தில் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் கடுங்காப்பி நிறம். ராத்திரி முழுக்க உடம்பு அரிப்பு, முதுகு சொறிந்து சொறிந்து கோடு கோடாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார், மோரில் கலந்து மூன்று நாள் குடித்தாள். அடைப்பால் வரும் காமாலைக்கு எந்த இலையும் உதவாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் கோபம் வரும், அக்கா மேல் இல்லை, என் மேல்.

நாலாம் நாள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பையனை வரச் சொன்னேன். எல்எஃப்டி, அதாவது ஈரல் பரிசோதனை மட்டும் போதும் என்றேன். "கொஞ்சம் கூடப் போட்டா கேன்சர் மார்க்கரும் சேர்த்துப் பாத்துரலாம்க்கா, மனசுக்கு நிம்மதி" என்றான். சரி என்றுவிட்டேன். நிம்மதி என்ற வார்த்தையில் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு ஃபோனில் ரிப்போர்ட் வந்தது. காமாலையில் ஏறும் மஞ்சள் பொருள், மொத்த பிலிருபின் 7.2, இருக்க வேண்டியது 1.2க்குள். அதில் டைரக்ட் பிலிருபின் மட்டும் 5.9. அப்புறம் மூன்று நொதிகள், மூன்றும் அளவுக்கு மேல்: எஸ்ஜிபிடி 168. அல்கலைன் பாஸ்படேஸ் 436. ஜிஜிடி 390. கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில், அந்தக் கேன்சர் மார்க்கர், சிஏ 19-9: 214. பக்கத்தில் சின்னதாக, 37க்குள் இருக்க வேண்டும் என்று.

நான் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க எண்களோடுதான் பிழைப்பு. அன்றைக்கு அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்துக் கை நடுங்கியது. தேடினால் கணையப் புற்றுநோய், பித்தப்பைப் புற்றுநோய் என்றே வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பிக்கு ஃபோன் போட்டேன். அவனும் தேடினான். இரண்டு பேரும் சேர்ந்து பயந்தோம், அவ்வளவுதான் நடந்தது.

காலையில் குடல், ஈரல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் முதல் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "வீட்ல கழிவுக் குழாய் அடைச்சா தண்ணி எங்க போகும்? பின்னாடி ஏறும்ல, அதான்மா இது" என்றார். டைரக்ட் பிலிருபின், அதாவது ஈரல் பக்குவப்படுத்தி அனுப்பியது, கூடியிருக்கிறது என்றால் ஈரல் தன் வேலையை முடித்துவிட்டது, வெளியே போகத்தான் வழி இல்லை. அல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் வரும், அதனால் அது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஜிஜிடி எலும்பிலிருந்து வராது. இரண்டும் சேர்ந்து ஏறியிருப்பதால் கோளாறு பித்தக் குழாய்ப் பக்கம்தான். எஸ்ஜிபிடி ஈரல் செல் நோவதைக் காட்டுவது, கடுமையான வைரஸ் காமாலையாக இருந்தால் அது பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். கணக்குப் பேரேடு மாதிரிதான், ஒரு வரியை மட்டும் படித்தால் தப்பாகத்தான் புரியும்.

அப்புறம் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இத யாரு எடுக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

சிஏ 19-9 என்பதைப் பித்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் நல்ல செல்களும் உண்டாக்கும் என்றார். பித்தம் தேங்கினால் அது ரத்தத்துக்குள் கசியும், கூடவே கிருமித் தொற்றும் சேர்ந்தால் ஆயிரங்களுக்கும் போகும். மஞ்சள் காமாலை இருக்கும்போது எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு ரத்த வகை ஒன்றின் காரணமாக இந்தப் பொருள் உடம்பில் உண்டாகவே உண்டாகாதாம். அவர்களுக்குப் புற்றுநோயே வந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். நோய் உறுதியானவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் இது உதவும்.

"அப்ப பித்தப்பையில புத்து இருக்கான்னு எந்த ரத்த டெஸ்ட்ல பாப்பீங்க சார்?"

"எதுலயும் இல்லம்மா. நான் ஸ்கேனத்தான் பாப்பேன்."

பையின் சுவர் ஓரிடத்தில் மட்டும் தடித்திருக்கிறதா, 10 மில்லிமீட்டருக்கு மேல் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருக்கிறதா, கட்டி தெரிகிறதா என்று ஸ்கேன் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தேகம் இருந்தால் சிடி, எம்ஆர்ஐ, கடைசித் தீர்ப்பு பயாப்சி. சொந்த ஊர் எது என்றும் கேட்டார். கங்கைச் சமவெளிப் பக்கம், உத்தரப் பிரதேசம், பீகாரில் இந்த நோய் அதிகம், தெற்கே குறைவு, ஆனால் பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது என்றார்.

பித்தக் குழாயைப் படம்பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்ததில் பித்தக் குழாயில் 7 மில்லிமீட்டர் கல். கட்டி எதுவும் இல்லை. வாய்வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுக்க வேண்டும், இஆர்சிபி. அதற்கு முன்னால் ரத்தம் உறையும் நேரம் பார்த்தார்கள், ஐஎன்ஆர் என்ற அந்த அளவு 1.6, இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். பித்தம் குடலுக்குப் போய்ச் சேராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராதாம், அது இல்லாமல் ரத்தம் சரியாக உறையாதாம். வைட்டமின் கே ஊசி போட்டுச் சரிசெய்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். அத்தனை பரிசோதனைகளில் உண்மையிலேயே அவசரமானது இந்த 1.6தான். நான் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு எண்ணை.

கல் வெளியே வந்துவிட்டது. இரண்டாம் நாள் பிலிருபின் 4.1, ஒரு வாரத்தில் 1.6. அரிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது, அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள். பத்து நாள் கழித்து லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையும் எடுத்தார்கள்.

எடுத்த பையை ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பயாப்சி லேபில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று என் கையில் தந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா. உள்ளே வதங்கிய கத்தரிக்காய் மாதிரி ஒன்று மிதந்தது. கற்கள் தனி பாட்டிலில், மிளகு போலக் கறுப்பாக. நம் பக்கம் இந்தக் கறுப்புக் கல்தான் நிறைய என்றார் நர்ஸ். கல்லுக்காகத்தானே எடுத்தோம், பயாப்சிச் செலவு எதற்கு என்று சித்தி ஒரு வார்த்தை சொன்னாள். நான் கேட்கவில்லை. கல்லுக்காக எடுத்த பையிலும் எதிர்பாராமல் புற்று தென்படுவது உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எட்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நாள்பட்ட அழற்சி, புற்றுச் செல்கள் இல்லை. ஆறு வாரம் கழித்து, பிலிருபின் முழுக்க இறங்கிய பிறகு, சிஏ 19-9ஐ ஒரே ஒரு தடவை எடுக்கச் சொன்னார். 17.

ரத்தம் எடுக்க வந்த அந்த லேபிலிருந்து எனக்கு இன்னமும் மாதம் ஒரு மெசேஜ் வருகிறது, கேன்சர் பேக்கேஜ் பாதி விலைக்கு என்று.