எந்திர மகமை

சிங்கப்பூர்த் தைப்பூசத்துக்குப் போவது என்று முடிவான அன்று, எங்கள் வீட்டு வளவில் யாரும் டிக்கெட்டைப் பற்றியோ காவடியைப் பற்றியோ பேசவில்லை. பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்ற வழக்கு சாயங்காலம் தொடங்கி, இரவு இடியாப்பம் ஆறிப்போகும்வரை நடந்தது. காரைக்குடியில் இது இயல்புதான். வெளிநாட்டுச் செலாவணியையே முதல் நோக்கமாக வைத்து, 1937-இல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் ஒரு வங்கியைத் திறந்த பக்கத்துக்காரர்கள் நாங்கள். அந்தச் செருக்கில் பாதி இன்னும் எங்களிடம் இருக்கிறது. செலாவணிதான் இல்லை.

எங்கள் பக்கத்தில் அப்பா அப்பச்சி, பெரியப்பா பெரியப்பச்சி, அக்கா ஆச்சி, அக்கா கணவர் அயித்தான். பெரியப்பச்சிக்கு எண்பது கடந்துவிட்டது. அவருடைய அப்பச்சி, செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், மேலாளுக்கு அடுத்தபடியான அடுத்தாளாக உயர்ந்தவர். மேலாள் ஆவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதனால் சிங்கப்பூர்க் காசு சம்பந்தமான எந்த வழக்கிலும் கடைசித் தீர்ப்பு தம்முடையது என்பது பெரியப்பச்சியின் எண்ணம்.

"கார்டும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம். ஆச்சி மகள் அங்கேதானே வேலை பார்க்கிறாள்? அவள் அங்கே டாலர் கொடுக்கட்டும். நாம் இங்கே அவள் மாமியார் வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிடுவோம். சல்லிக்காசு கழிவு கிடையாது" என்றார்.

"பெரியப்பச்சி, அது ஹவாலா. 1999-ஆம் வருடத்துச் செலாவணிச் சட்டம் அதை விடாது" என்றேன்.

"என் அப்பச்சி அதைச் செய்தபோது வெள்ளைக்காரன் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான்" என்று சொல்லிவிட்டு, சட்டத்தின் மேலிருந்த கோபத்தை இடியாப்பத்தின் மேல் காட்டினார்.

அயித்தான் இந்த வழக்கில் வாயே திறக்கவில்லை. முந்தைய வாரமே காதும் காதும் வைத்தாற்போல் போய், முன்பணம் ஏற்றுகிற ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி, அதில் டாலரும் ஏற்றிவிட்டிருந்தார். எல்லோரும் களைத்த பிறகு அதைப் பர்சிலிருந்து எடுத்துப் பாய்மேல் வைத்தார். "அன்றைய விலையிலேயே பூட்டியாகிவிட்டது. இனி ரூபாய் விழுந்தால் உங்களுக்குத்தான் அடிபடும்." அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கார்டின் பெரிய வசதியே அதுதான். ஆச்சி பெருமையோடு எங்களைப் பார்த்தாள்.

நான் என் பங்குக்கு வங்கிகளின் கட்டண அட்டவணைகளைப் படித்தேன். அதைவிடச் சலிப்பான இலக்கியம் எந்த மொழியிலும் எழுதப்பட்டிருக்காது. சாதாரணக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால், பெரும்பாலான வங்கிகள் மாற்று விலைக்கு மேல் 2 முதல் 3.5 சதவிகிதம் வரை எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்கொண்டதற்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு. மூன்றரை எடுக்கிற வங்கி என்றால், 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 413 ரூபாய் சாப்பிடாமலே போகும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பொருள் வாங்கினால் கிடைக்கிற வட்டியில்லாத அவகாசம் அதற்குக் கிடையாது. டெபிட் கார்டில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான கட்டணம் உண்டு. ஆகவே ஐம்பது ஐம்பதாக எடுப்பவர்கள் வங்கிக்குப் பிரியமானவர்கள். இந்தக் கூடுதல் சதவிகிதமே இல்லாத கார்டுகளும் சில இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் விதித்திருக்கிறது. அதையும் கிளம்புமுன் செய்தேன். இதையெல்லாம் பெரியப்பச்சிக்கு விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏமாற்றுவதற்கு இத்தனை பத்தி எழுதுவானேன்?"

அவர் ரொக்கத்தோடுதான் வந்தார். இந்தியாவிலிருந்து போகிறவர் 25,000 ரூபாய் வரை நம் நோட்டாகக் கொண்டுபோகலாம். அந்த வரம்பை ஓர் உரிமையாகவே எடுத்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஐம்பதைச் சட்டையின் உள்பைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். திருச்சி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்தவர் அந்தப் பையைத் தொட்டபோது, "கணக்கு இருக்கிறது" என்று இவர் சொன்ன தோரணையில் அவரே கையை எடுத்துவிட்டார்.

சிங்கப்பூரில் இறங்கிய முதல் ராத்திரி, சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. பில்லை நான்தான் கொடுப்பேன் என்றார் அயித்தான். கார்டு வேலை செய்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆச்சி மகள்தான் அவருடைய செல்பேசியில் வந்த குறுஞ்செய்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பச்சி, இதில் இருப்பது அமெரிக்க டாலர்" என்றாள்.

நடந்தது இதுதான். கார்டு விற்ற இடத்தில், "டாலர்தானே, சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "டாலர்தான்" என்று இவரும் கம்பீரமாகச் சொல்லியிருக்கிறார். படிவத்திலும் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது ரூபாய் அமெரிக்க டாலராக மாறும்போது ஒரு கழிவு. அது சிங்கப்பூர் டாலராக மாறும்போது இன்னொரு கழிவு, அதுவும் கிட்டத்தட்ட அதே மூன்றரை. இட்லியை வாஷிங்டன் வழியாகச் சுற்றி வரவழைத்தாற்போல் ஆயிற்று. ஆச்சி தன் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அயித்தான் அந்தக் கார்டைத் தொடவில்லை. டாலர் என்ற பேச்சே காதில் விழக் கூடாது என்ற மனநிலையில், ஆச்சிக்குச் சேலை எடுக்கப் போன கடையில் தம்முடைய பழைய கிரெடிட் கார்டை நீட்டினார். எந்திரம் கேட்டது: சிங்கப்பூர் டாலரிலா, இந்திய ரூபாயிலா? அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். அயல்மண்ணில் ஓர் எந்திரம் நம் ரூபாயை மதித்துக் கேட்கிறது! நான் "டாலர்" என்று கத்துவதற்குள் அவர் விரல் ரூபாயின்மேல் அழுந்திவிட்டது.

ரூபாயில் என்று சொன்னால் மாற்று விலையை நம் வங்கியோ கார்டு நிறுவனமோ போடாது. அந்தக் கடையின் எந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். மூன்றரையைவிட அதிகமாகவே போகக்கூடும். போதாக்குறைக்கு, வெளிநாட்டில் ரூபாயாகக் கழித்ததற்கென்று நம் ஊர் வங்கிகள் சிலவும் தனியே ஒரு கட்டணம் போடும். ஏ.டி.எம். எந்திரங்களும் இதே கேள்வியைக் கேட்கும், அதுவும் மாற்றத்தை ஏற்காவிட்டால் பணமே வராதோ என்று பயப்படும்படியான வாசகத்தில். மாற்ற வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும். நான் எடுத்துக் காட்டினேன். பெரியப்பச்சி அந்த எந்திரத்தை எட்டி நின்று வணங்கினார்.

அன்று ராத்திரி அவர் தம் சிட்டையைத் திறந்தார். பயணம் முழுக்க வரவு பற்று எழுதிக்கொண்டே வந்த நோட்டு அது. அயித்தானின் இரண்டு நஷ்டத்தையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். செலவு என்று எழுதினால் பொருள் எதுவும் வரவில்லை. திருட்டு என்று எழுதினால் மாப்பிள்ளை மனம் புண்படும். கடைசியில் "எந்திர மகமை" என்று எழுதித் தொகையைப் போட்டார். எங்கள் பழைய கணக்குகளில் கோவிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குவதுதான் மகமை. "மாப்பிள்ளை தர்மம் செய்ததாக இருக்கட்டும்" என்றார்.

அவருடைய ரொக்கத்தின் கதை வேறு. ராஃபிள்ஸ் பிளேஸில் ஆர்கேட் என்ற கட்டடம் நிறையப் பணமாற்றுக் கடைகள் இருக்கின்றன. அவருடைய அப்பச்சி உட்கார்ந்திருந்த மார்க்கெட் தெருவும் அதற்குப் பக்கம்தான். கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இப்போது நிற்கிற கோபுரங்களை அவர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதற்குமேல் உணர்ச்சிவசப்பட நேரமில்லை; விலைப்பலகைகள் காத்திருந்தன. ஒரு கடை விடாமல் நின்று, வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் நோட்டில் குறித்தார். பிறகு மறுபடியும் முதல் கடைக்கே போய், மூன்றாம் கடையின் விலையைச் சொல்லிப் பேரம் பேசினார். உள்ளே இருந்தவர் நம் பக்கத்துத் தமிழில், "ஐயா, லட்சக்கணக்கில் என்றால் பார்க்கலாம்" என்று சிரித்தார். ஐம்பது தாள்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசி, பலகை விலையைவிட ஒரு நூல் கூட்டித்தான் வாங்கினார். மொத்த லாபம் இரண்டு டாலருக்குள். அந்த அலைச்சலுக்கு நாங்கள் குடித்த இளநீரின் விலை அதைவிட அதிகம் என்று சொன்னேன்.

"இளநீர் உடம்புக்கு. அது வேறு பேரேடு" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு மிச்சம் நின்றது அயித்தானின் கார்டு மட்டும்தான். அதில் இன்னும் அறுபது சொச்சம் அமெரிக்க டாலர் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வாங்கும் விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதில் ஒரு கழிவு. சும்மா வைத்திருந்தால் பயன்படுத்தாததற்கே கட்டணம் பிடிக்கிற கார்டுகளும் உண்டு. உள்ளூரில் தேய்க்கவும் முடியாது. அயித்தான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அமெரிக்காவுக்கே போய்ச் செலவழித்தால் கழிவே இல்லையே?"

பெரியப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணமே 185 டாலர், விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது என்றேன்.

"அதை இந்தக் கார்டிலேயே கட்டலாமா?" என்றார் அயித்தான்.

"இங்கே ரூபாயில்தான் கட்ட வேண்டும். டாலருக்கு என்ன விலை என்பதைத் தூதரகமே போடும்."

பெரியப்பச்சி சிட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அங்கேயுமா மகமை?"