பேசாத ராஜாவின் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

யாருக்கு எந்த வேடம் என்று இன்று முடிவாகிவிட்டது. எனக்கு ராஜா. வீட்டில் சொன்னதும் ஒரே குஷி. எவ்வளவு வசனம் என்று கேட்டார்கள். கடைசிக் காட்சி வரை ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்றேன். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாடகம் 'ஒன்ஸ் அப்பான் எ மேட்ரெஸ்'. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1835இல் வெளியிட்ட பட்டாணிக் கதைதான். மெத்தைமேல் மெத்தையாக இருபதை அடுக்கி, அடியில் ஒரு பட்டாணி. அது உறுத்தி இரவெல்லாம் தூக்கம் வராவிட்டால் அவள் அசல் இளவரசி. ஆண்டர்சன் ஒன்றிரண்டு பக்கத்தில் முடித்த விஷயத்தைப் பாட்டும் கூத்துமாக இழுத்து ஒரு முழு மாலைக்கு நாடகமாக்கியிருக்கிறார்கள். இசை மேரி ராட்ஜர்ஸ். 1959 மே மாதம் நியூயார்க்கில் மேடையேறியது.

என் ராஜா செக்ஸ்டிமஸுக்கு ஒரு சாபம். எலி பருந்தை விழுங்கும் வரை வாய் பேச முடியாது. அவர் பேசாத குறையை ராணி அக்ரவேன் சேர்த்துத் தீர்த்துவிடுகிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

உட்கார்ந்து முழுதாக வாசித்தோம். எல்லோரும் பக்கம் புரட்டினார்கள், நான் தலையாட்டினேன்.

ராணியின் கெட்டிக்காரத்தனம் பிடித்திருக்கிறது. மகன் கல்யாணத்துக்கு அவள் தடை சொல்வதே இல்லை. அசல் இளவரசியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு பரீட்சை வைப்பாள். பன்னிரண்டாவதாக வந்தவளிடம் கேட்கும் கடைசிக் கேள்வி, மிருகத்தைக் கொன்ற வாளை அடித்த கொல்லனுடைய சிநேகிதனின் மருமகளுக்கு நடுப்பெயர் என்ன என்கிற ரகம். இதில் இளவரசனுக்குக் கல்யாணம் ஆகாமல் நாட்டில் வேறு யாருக்கும் கல்யாணம் கிடையாது என்று சட்டம் வேறு. லேடி லார்கன் வயிற்றில் குழந்தையோடு நிற்கிறாள். அதனால்தான் அவளுடைய சர் ஹாரி இளவரசி தேடிக் கிளம்புகிறான். வீரப் பயணம் என்று பாட்டெல்லாம் இருக்கிறது, ஆனால் கழுத்துக்குக் கத்தி வந்தபின் கிளம்பிய பயணம்.

ஜூன் 14, சனி

வினிஃப்ரெட் வரும் காட்சி. சதுப்பு நிலத்து இளவரசி. பாலம் இறங்கும் வரை பொறுமையில்லாமல் அகழியை நீந்திக் கடந்து, சொட்டச் சொட்ட வந்து நிற்கிறாள். நின்றவள் தான் ரொம்பக் கூச்ச சுபாவம் என்று கூரை அதிரப் பாடுகிறாள். எங்கள் வினிஃப்ரெட் பாடும்போது பியானோ வாசிப்பவர் சிரித்து ஒரு இடத்தை விட்டுவிட்டார்.

தேநீர் இடைவேளையில் ஒரு வாக்குவாதம். இவள்தான் இந்தக் கதையிலேயே தைரியசாலி என்றார் இயக்குநர். எனக்கு ஒப்பவில்லை. தண்ணீரைக் கண்டு பயமே இல்லாதவள் நீந்துவதில் என்ன தைரியம்? மீன் நீந்துவதை யாராவது மெச்சுவார்களா? நான் பேசாத ராஜா என்பதை நினைவுபடுத்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜூன் 21, சனி

இன்று என் பாட்டு. என் பாட்டு என்றால் நான் பாட மாட்டேன். தாம்பத்தியம் என்றால் என்ன என்று அப்பா மகனுக்குச் சைகையிலேயே விளக்குகிறார், மகன் ஊகித்து ஊகித்துப் பாடுகிறான். நம் பழைய சினிமாவில் இரண்டு பூவை முட்டவிட்டு நழுவிய விஷயத்தை நான் பத்து விரலையும் வைத்துச் சொல்லியாக வேண்டும். மூன்று மணி நேரம் போனது. வேகமாகச் செய்தால் விடுகதை, மெதுவாகச் செய்தால் விரசம்.

கடைசியில் இயக்குநர் ஒன்று சொன்னார்: "கையைப் பார்க்காதீங்க சார், பையன் முகத்தைப் பாருங்க." பார்த்தேன். கை தானாக ஓடியது. மகனுக்குப் புரிந்துவிட்டதா என்று தேடுகிற அப்பாவுக்குத் தன் விரல் எங்கே இருக்கிறது என்ற நினைப்பு இருக்காதுதான்.

ஜூன் 25, புதன்

ஒரு துணுக்கு. 1959இல் வினிஃப்ரெட்டாக வந்தவர் கேரல் பர்னெட். 2005இல் இதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது அதே பர்னெட் ராணி அக்ரவேன். மாமியாரும் ஒரு வீட்டு மருமகள்தான் என்பதை இவ்வளவு நேராக யாரும் நிரூபித்ததில்லை.

ஜூன் 28, சனி

நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மறுநாள் பரீட்சை என்ற பயத்தில் வினிஃப்ரெட் ராத்திரி புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் காட்சியை இன்று பார்த்தேன். மற்ற இளவரசிகளுக்கெல்லாம் தேவதை வந்தது, மந்திரம் வந்தது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று புலம்புகிறாள். அகழிக்குப் பயப்படாதவளுக்கு, தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. இருந்தும் மூட்டையைக் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் தைரியத்தில் முதல் இடம் இளவரசனுக்குத்தான். பெயர் டாண்ட்லெஸ், அதாவது அஞ்சாதவன். அம்மா வாயைத் திறந்தால் தோள் காதுவரை ஏறிவிடும். அவன்தான் கடைசியில் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து வாயை மூடு என்கிறான். எலி பருந்தை விழுங்குகிறது. ராஜாவுக்குப் பேச்சு வருகிறது, ராணிக்குப் போகிறது.

எங்கள் பையன் முதலில் கத்திப் பார்த்தான். வெறும் கோபமாக இருந்தது. அப்புறம் எச்சில் விழுங்கிவிட்டு, பாதிக் குரலில், சொன்ன பிறகு தானே திடுக்கிட்டவன் போலச் சொன்னான். ஒத்திகைக் கூடத்தில் யாரும் அசையவில்லை. நான் பேச வேண்டிய முறை வந்தது, மறந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

பேச்சு வந்ததும் ராஜா என்ன செய்கிறார்? இத்தனை வருஷம் வாயடைத்துக் கிடந்தவர், பெண்டாட்டியைக் குதி, தாவு என்று ஆட்டி வைக்கிறார். கூட்டம் சிரிக்கும், தெரியும். எனக்குத்தான் நெருடுகிறது. சண்டை போட்டது மகன், அனுபவிப்பது அப்பா. சாபம் இருந்ததோ இல்லையோ, அவர் இத்தனை காலம் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தார் என்றுகூடத் தோன்றுகிறது.

ராணியாக நடிப்பவரிடம் சொன்னேன். "ஒரு தடவை குதிக்கிறேன். ரெண்டாவது தடவை சொன்னீங்கன்னா மேடையிலேயே திட்டிருவேன்" என்றார். ஒரு தடவை என்று முடிவாயிற்று.

ஜூலை 12, சனி

முதல் காட்சி. மெத்தைகள் எல்லாம் மரச்சட்டத்தில் தைத்த ஸ்பாஞ்ச். ஏணி ஆடியது, மற்றபடி பழுதில்லை. இரண்டு மணி நேரம் பேசாத தொண்டை முதல் வார்த்தைக்குக் கீச்சென்றது. நன்றாக நடித்தீர்கள் என்கிறார்கள். மறுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கடைசிக் காட்சி. வினிஃப்ரெட்டைத் தூங்கவிடாதது பட்டாணி அல்ல, நாங்கள் மெத்தைக்குள் திணித்து வைத்த ஆயுதங்கள். பச்சைத் திருட்டுத்தனம். அவள் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் செய்த திருட்டுத்தனம். கவசமும் ஈட்டியும் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அவள் புரள்கிறாள். அப்போது இளவரசன் அடியில் கைவிட்டுப் பட்டாணியை எடுத்து அவளிடம் கொடுக்க வேண்டும்.

இன்று பட்டாணி இல்லை. வைக்க மறந்தார்களா, உருண்டு போயிற்றா தெரியாது. பையன் துழாவுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், கழுத்தில் வியர்வை வழிகிறது. எனக்குத்தான் பேச்சு வந்துவிட்டதே, ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் வெறுங்கையை மூடி வெளியே எடுத்து, இரண்டு விரலால் எதையோ பிடித்திருப்பதுபோல அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் குனிந்து பார்த்தாள், விரல்களை மடக்கிக்கொண்டாள், அப்படியே சாய்ந்து குறட்டை விட்டாள்.

கூடத்தைப் பெருக்கும்போதும் தேடினோம். கிடைக்கவில்லை.