தலைமன்னார் வெளிச்சவீடும் அம்மாயின்ர கடுதாசியும்

போன மாசம் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு தலைமன்னார் போய் வந்தனாங்கள். விடியவே கிளிநொச்சியில வெளிக்கிட்டு பூநகரி, வெள்ளாங்குளம் றோட்டால போய் மன்னார்ப் பாலம் தாண்டி தீவுக்குள்ள இறங்க நல்லா வெயில் ஏறிட்டுது. அவவுக்கு எண்பது தாண்டிட்டு, முழங்காலும் ஏலாது, எண்டாலும் "அந்தப் பியர (கப்பல் துறைய) ஒருக்கா பாத்துட்டு வந்துரணும்யா" எண்டு ரெண்டு வருசமா கேட்டுக்கொண்டே இருந்தவ.

அம்மாயி மலையகத்து ஆள். 77 கலவரத்துக்குப் பிறகுதான் தோட்டத்த விட்டிட்டு வன்னிக்கு வந்தவை. அதுக்கு முதலே, 71ல, அவவின்ர அண்ணன் இந்தியாவுக்குப் போயிட்டார். விரும்பிப் போகேல்ல. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில மலையகத் தமிழர் 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறது எண்டு முடிவெடுத்தாங்கள், அந்தக் கணக்கில அவரும் ஒருத்தர். ஸ்டேசன்ல கோச்சி வெளிக்கிடேக்க சனம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஓடினதெண்டு அம்மாயி சொல்லுவா. கோச்சி நேரா தலைமன்னாருக்கு, அங்க இருந்து ராமானுஜம் கப்பல், பிறகு ராமேஸ்வரம், திரும்பிப் போன ஆக்களை வச்சிருந்த மண்டபம் கேம்ப்.

பியருக்குப் பக்கத்தில நிக்கிற வெள்ளைக் கோபுரம்தான் வெளிச்சவீடு. 1915ல கட்டினது, 19 மீட்டர் உயரம். அதுக்கு முதல் வருசம்தான் பாம்பன் பாலத்தைத் திறந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில கப்பல் விட்டவங்கள். சேதுவின்ர மணல் திட்டுகள் தொடங்கிற இடம் அது, கடல் ஆழமில்லை, அந்த இடத்தில கப்பல்காரருக்கு வெளிச்சம் இல்லாமச் சரிவராது. அதுக்கும் முந்தின காலத்தில இந்தியாவில இருந்து தோட்டத்துக்கு வந்த சனம் வள்ளத்தில மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, எங்கட இந்த வன்னிக் காட்டுக்குள்ளால மாத்தளை வரைக்கும் நடந்தே போனது, காய்ச்சலிலயும் வாந்திபேதியிலயும் வழி நெடுக செத்தவை கொஞ்சப் பேரில்லை. அப்பிடி வந்த ஆக்களின்ர பேரப்பிள்ளையளைத்தான் இதே கரையால திருப்பி ஏத்தினது. எனக்கு இதை நினைக்க நினைக்க நெஞ்சு அடைக்கும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிய அழிச்சுப்போட்டுது, அதுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடினது, 80களில அதுவும் நிண்டுபோச்சு. 90ல ரயிலும் நிண்டது, திரும்ப பியர் ஸ்டேசனுக்கு ரயில் வந்தது 2015ல. இவ்வளவுக்கும் நடுவில அந்தக் கோபுரம் நிண்டுகொண்டே இருந்திருக்கு.

பழைய பியர்தான் பாக்கவே ஏலாமக் கிடக்கு. ஒரு இரும்புத் தூணில கை வச்சன், துரு அப்பளம் மாதிரித் தகடு தகடா கழண்டு கையோட வந்திட்டுது, உள்ளுக்க இருந்த ஆணித்தலை சுரண்டிவிட்ட பனங்கொட்டை மாதிரி மெலிஞ்சுபோய்க் கிடந்தது. அப்பா முல்லைத்தீவு ஆள், மேசன் வேலை. அவர் வெளிச்சவீட்டைக் கனநேரம் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டிட்டுச் சொன்னார், "தம்பி, இந்த மாதிரிப் பழைய கட்டடங்களுக்கு ஆக்கள் விடுற பெரிய பிழை சீமெந்து பூசுறதுதான். சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும், சீமெந்து விடாது, உள்ளுக்க போன ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு அங்கயே இருந்து கல்லைத் தின்னும், வெளிய பாத்தா புதுசு மாதிரித்தான் இருக்கும்." பெயின்ற் அடிச்சா காணும் எண்டு நினைக்கிற ஆக்கள் இதைக் கொஞ்சம் கேக்கவேணும். கோபுரத்தை மட்டும் தனியக் காப்பாத்தியும் பிரியோசனமில்லை எண்டுதான் எனக்குப் படுது, பியர், தண்டவாளம், சனம் ஏறி இறங்கின அந்த மேடை எல்லாம் சேந்தாத்தான் அது தலைமன்னார்.

அப்பா இவ்வளவு கவலைப்படுறதுக்குக் காரணம் இருக்கு. முல்லைத்தீவிலயும் 1896ல கட்டின வெளிச்சவீடு ஒண்டு இருந்தது. சின்ன வயசில கடற்கரையில விளையாடேக்க அதை வச்சுத்தான் வீட்டுத் திசை பிடிக்கிறதாம். சண்டையில அது இல்லாமப் போச்சு, எங்கட வீட்டில அதின்ர ஒரு படம்கூட இல்லை, இருந்ததெல்லாம் இடம்பெயர்வில விட்டிட்டு ஓடினதுதான். அப்பா மண்ணில விரலால கீறித்தான் எனக்குக் காட்டினவர்.

அம்மாயி பெரிசா ஒண்டும் கதைக்கேல்ல. அப்பா ரெண்டு தரம் "மாமி, வெயிலுக்க நிக்காதேங்கோ" எண்டு கூப்பிட்டும் வரேல்ல. கையைப் புருவத்துக்கு மேல வச்சுக் கடலைப் பாத்தா, பிறகு திரும்பி வெளிச்சவீட்டைப் பாத்தா, "இம்புட்டுத்தானா, நான் இன்னும் ஒசரமுன்னு நெனச்சேன்" எண்டா. அவவே அதைப் பாத்தது அண்டைக்குத்தான் முதல் தரம். அண்ணன் மண்டபத்தில இருந்து போட்ட முதல் கடுதாசியில எழுதியிருந்தது மட்டும்தான் அவவுக்குத் தெரியும், "கப்பல் கெளம்பி ரொம்ப நேரம் அந்த வெள்ளக் கோபுரம் தெரிஞ்சிச்சு, அதையே பாத்துக்கிட்டு நின்னேன் தங்கச்சி."

அந்தக் கடுதாசி ஒவ்வொரு இடம்பெயர்விலயும் அவவின்ர சேலை முடிச்சுக்குள்ளயே வந்தது. வீட்டுக்கு வந்த அண்டைக்கு இரவே போனில ஸ்கேன் பண்ணினன். மடிப்பு விழுந்த இடத்தில ரெண்டு வரி அழிஞ்சுபோச்சு, அம்மாயி அதைப் பாக்காமலே சொன்னா, நான் பக்கத்தில எழுதி வச்சன்.