வீட்டு டாப்ளரும் என் இரண்டாவது கர்ப்பமும்

என் முதல் கரு ஏழாவது வாரத்திலேயே வளர்ச்சி நின்றுபோயிருந்தது. எனக்கு அது தெரியவந்தது பத்தாவது வாரத்தில். இடைப்பட்ட நாட்களில் வாந்தி இருந்தது, மார்பில் வலி இருந்தது, ஒரு சொட்டு ரத்தம் படவில்லை. உடம்பு எதையுமே காட்டிக் கொடுக்கவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கார்டியாக் ஆக்டிவிட்டி இல்லை’, அதாவது துடிப்பு இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். இதைக் கடந்து வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பம் எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைப் பற்றி என் உடம்பு எனக்குச் சொல்லாது என்று ஆகிவிட்டது. வேறு ஏதாவது சொல்லட்டும் என்றுதான், வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற டாப்ளர் மெஷினைத் தேடத் தொடங்கினேன்.

இரண்டாவது முறை நாள் தள்ளிப்போனதும் டாக்டர் முதல் ஸ்கேனை ஏழாவது வாரத்தில் வைத்தார். உள்வழியாகச் செய்யும் ஸ்கேன். கரு ஒரு சென்டிமீட்டர் இருக்கும், அதன் நடுவில் விடாமல் ஒரு மினுக்கல். “துடிப்பு நல்லா இருக்கும்மா” என்று சொல்லி எண்ணையும் சொன்னார்கள். சத்தம் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டேன், போடவில்லை. ஸ்கேன் மெஷினில் டாப்ளரைப் போட்டால் ஒலியின் சக்தி ஒரே இடத்தில் குவியும் என்பதால், இந்த வாரங்களில் எம்-மோடு என்கிற கோட்டுப் படத்தை வைத்தே துடிப்பை எண்ணிவிடுவார்களாம். “கெடுதல்னு யாரும் நிரூபிக்கலம்மா. ஆனா தேவையில்லாததை எதுக்குச் செய்யணும்?” என்றார் ஸ்கேன் டாக்டர். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த ஸ்கேன் 12 வாரம் முடிந்து. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் ஈரோட்டு வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

அன்று இரவே ஆர்டர் போட்டுவிட்டேன். 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அட்டைப்பெட்டியில் ஒன்பதாவது வாரத்திலிருந்தே கேட்கலாம் என்று அச்சடித்திருந்தது. அடுத்த செக்கப்பில் என் மகப்பேறு டாக்டரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “12 முடியாம வயித்துல வைக்காதே. வெச்சா அழுதுட்டு எனக்குத்தான் போன் பண்ணுவே” என்றார்.

காரணமும் சொன்னார். பத்து வாரத்தில் குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை மூன்று சென்டிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் இதயம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். கர்ப்பப்பையும் இன்னும் இடுப்பெலும்புக்குப் பின்னாலேயே இருக்கும். 12 வாரம் வாக்கில்தான் அந்த எலும்புக்கு மேலே தலை தூக்கும். பழகிய கைக்கே பத்து, பன்னிரண்டு வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ, தொப்பை இருந்தாலோ இன்னும் தள்ளிப்போகும். “சத்தம் கேட்டா சந்தோஷம். கேக்கலைன்னா அதுக்கு அர்த்தமே இல்ல. இந்த ரெண்டாவதை நம்ப முடியும்னா வெச்சுக்கோ, முடியாதுன்னா திருப்பிக் கொடுத்துடு.”

நம்ப முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் கடை மேசையில் வைத்துப் பூட்டிவிட்டார். மெஷின் பீரோவில், பேட்டரி கடையில். அந்த ஏற்பாட்டுக்கு இன்றைக்கும் அவரைப் பாராட்டுவேன்.

காத்திருந்த நாட்களில் இந்த மெஷின் என்னதான் செய்கிறது என்று படித்துப் பார்த்தேன். ஸ்டெதாஸ்கோப் போல உள்ளே இருக்கும் சத்தத்தை இது பெரிதாக்கிக் கொடுக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காதுக்கு எட்டாத ஒலியை, 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில், வயிற்றுக்குள் அனுப்புகிறது. அசைகிற பொருளில் பட்டுத் திரும்பும்போது அதன் அலைவரிசை கொஞ்சம் மாறும்; ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் சொன்ன விஷயம் இது. அந்த மாற்றத்தைத்தான் மெஷின் சத்தமாக்கித் தருகிறது. அப்படியானால் உள்ளே எது அசைந்தாலும் சத்தம் வரும். என் ரத்தக் குழாய், என் குடல், நஞ்சு (பிளசென்டா), தொப்புள்கொடி, கடைசியாகக் குழந்தையின் இதயம். போனை வயிற்றில் வைத்தால் துடிப்பு கேட்கும் என்று சில ஆப்கள் இருக்கின்றன. போனின் மைக் இந்த ஒலியை அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதை டவுன்லோட் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

12 வாரம் முடிந்து எடுக்கும் என்.டி. ஸ்கேன் (குழந்தையின் பின்கழுத்தில் இருக்கும் நீரை அளப்பது) முடிந்தது, எல்லாம் நன்றாக இருந்தது. நஞ்சு முன்பக்கம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. இதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது: நஞ்சு முன்னால் இருந்தால், மெஷினில் வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோபுக்கும் குழந்தைக்கும் நடுவில் அது மெத்தையாக உட்கார்ந்துகொள்ளும். கேட்பது கஷ்டம்.

பேட்டரி வீட்டுக்கு வந்தது. மெடிக்கலில் அல்ட்ராசவுண்ட் ஜெல் என்று கேட்டாலே தருவார்கள். தேங்காய் எண்ணெய் போதாதா என்று அத்தை கேட்டார். தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, ஜெல் அந்த இடைவெளியை அடைக்கும், எண்ணெய் வழிந்து ஓடிவிடும். சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்திருந்தால் கர்ப்பப்பையை மேலே தள்ளிக் கொடுக்கும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். இங்கேதான் நிறையப் பேர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். தொப்புள் பக்கம் போகவே கூடாது. இடுப்பெலும்புக்கு ஒட்டி மேலே, நடுவில் வைத்து, ப்ரோபின் முகம் காலைப் பார்த்துச் சாயும்படி பிடிக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போகாமல், ஒரே இடத்தில் வைத்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கரகரவென்ற இரைச்சல். ப்ரோப் நகர்ந்தால் வருவது அது. பிறகு குடலின் களகள. கொஞ்சம் ஓரமாகப் போனால் ‘டப்... டப்...’ என்று கனமாக ஒன்று, அது தொடைக்குப் போகும் என் ரத்தக் குழாய். நடுவில் ‘ஹுஷ்... ஹுஷ்...’ என்று காற்றடிப்பது போல ஒன்று வந்தது. திரையில் 112.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். 110-லிருந்து 160 வரை குழந்தையின் துடிப்பு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது, 112 அதற்குள்தானே இருக்கிறது? என் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். மெஷின் ஒரு ஹுஷ் சொன்னால் அவர் விரலுக்கடியில் ஒரு துடிப்பு. சேர்ந்தே போனது. குழந்தை கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில் என் நாடிதான் 112-க்கு ஏறியிருந்தது. கர்ப்பத்தில் நாடி சாதாரணமாகவே கொஞ்சம் கூடும். பயம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கர்ப்பப்பைக் குழாய்களில் ஓடும் என் ரத்தத்தைத்தான் அத்தை கும்பிட்டிருக்கிறார்.

மலிவான மெஷினின் எண்ணை நம்பவே முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும்: அம்மாவின் 75 குழந்தையின் 150 ஆகித் திரையில் நிற்கும். சில நேரம் பாதியாக்கும். அதனால் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒன்று, எப்போதும் இன்னொருவர் என் நாடியைப் பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று, சத்தத்தைப் போனில் பதிவு செய்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும்.

அன்று கிடைக்கவில்லை. சீக்கிரமே நிறுத்திவிட்டோம். நிறுத்துவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ‘இன்னும் ஒரே ஒரு நிமிஷம்’ என்ற ஆசைக்கு முடிவே கிடையாது. ஆனால் முந்திய வாரம்தான் என்.டி. ஸ்கேனில் கை காலை ஆட்டியதைப் பார்த்திருந்தேன். அந்தப் படத்தை நம்புவதா, நான் தடவிப் பார்த்த மெஷினை நம்புவதா? சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

கிடைத்தது 14-ஆவது வாரத்தில். இடது பக்கம் கொஞ்சம் தள்ளி, குதிரை ஓடுவது போல, என் நாடியோடு சேராமல் தனியாக. எண்ணிப் பார்த்தால் 150 வாக்கில். அதுகூட இதயமா, தொப்புள்கொடியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கொடியில் ஓடுவதும் குழந்தையின் வேகத்தில்தான் ஓடும். எதுவானாலும் அது என்னுடையது இல்லை. அதுதான் வேண்டியிருந்தது.

அத்தை வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா, “எத்தனைங்க கண்ணு அடிக்குது? 140-க்கு மேலன்னா பொண்ணு” என்று வந்து நின்றார். எண்ணைச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘பாலினம் தெரிய வேண்டாம்’ என்கிற ஃபார்ம் எஃப்-இல் கையெழுத்துப் போட்டு, சுவரில் ‘பாலினம் கண்டறிவது சட்டப்படி குற்றம்’ என்ற போர்டைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுத் திண்ணையில் அதையே ஜோசியமாகப் பார்ப்பதா? அந்தக் கணக்கே பொய் வேறு. ஒன்பது, பத்தாவது வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் 170 வரை ஏறும், பிறகு மெல்ல இறங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுக்கவில்லை. டாக்டர் போட்ட கட்டுப்பாடு அது. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2014-இல் இதைவிடக் கறாராகவே சொல்லியிருக்கிறது: மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் டாப்ளர் வேண்டாம் என்று. ஒலி திசுவை லேசாகச் சூடாக்கும், தினமும் மணிக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்பது ஒரு காரணம். ஆனால் என் டாக்டர் அழுத்திச் சொன்னது வேறொன்று. 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியின் கதை வந்தது. அசைவு குறைந்ததாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டு டாப்ளரை வைத்துக் கேட்டார், ஏதோ துடிப்பு கேட்டது, நிம்மதியாகிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. அவர் கேட்டது தன் ரத்தக் குழாயையோ நஞ்சையோதான் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். “அசைவு தெரிய ஆரம்பிச்சா மெஷினைக் கட்டி வெச்சுடு. அசைவு குறைஞ்ச அன்னிக்கு அதைத் தொடவே கூடாது” என்றார் என் டாக்டர்.

நஞ்சு முன்னால் இருந்ததால் அசைவு தெரியவே 21 வாரம் ஆனது. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனும் அதற்குள் முடிந்துவிட்டது. மெஷினைக் கட்டி வைத்தேன். நானே தேடிக் கேட்க வேண்டியிருந்தது போய், கேட்காமலேயே உதைத்துச் சொல்ல ஆள் வந்துவிட்டது.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து அசைவு மந்தமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். இல்லை. அத்தை பதறிப்போய், “அந்த மெஷினை வெச்சுப் பாரு சாமி” என்றார். பீரோ இரண்டடி தூரத்தில். கை பரபரத்தது, மறைக்க மாட்டேன். ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி என்.எஸ்.டி. எடுத்தார்கள்; குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சோதனை அது. இருபது நிமிடம் காகிதத்தில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை அசையும்போது துடிப்பு ஒரு 15 கூடி, கொஞ்ச நேரம் நின்று, இறங்க வேண்டுமாம். அந்த ஏற்றம் இருந்தால் உள்ளே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். துடிப்பு இருந்தும் அந்த ஏற்றம் இல்லாமல் போகலாம். 140 என்று நான் வீட்டில் எண்ணியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. முதல் பத்து நிமிடம் கோடு தட்டையாகப் போனது, தூங்குகிறது என்றார் சிஸ்டர். வயிற்றை லேசாகத் தட்டினார். கோடு ஏறியது. “பையனோ பொண்ணோ, சரியான தூங்குமூஞ்சி” என்றார்.

மெஷின் இப்போதும் பீரோவில் இருக்கிறது. போன மாதம் சின்ன நாத்தனார் கேட்டாள், அவளுக்கு ஒன்பதாவது வாரம். 13 முடியட்டும், என்.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வா, ஜெல்லும் சேர்த்துத் தருகிறேன், நாடி பிடிக்க உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். பேட்டரி வழக்கம்போலக் கடையில்.