லிங்க்கா, மீட்டரா, ஜாதியடியா?

கொங்கு நாட்டில் நிலம் அளக்கப் போனால் ஆளுக்கொரு காகிதத்தை நீட்டுவார்கள். கிரயப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட். மனை என்றால் அடிக்கணக்கில் 'கிழமேல் ஜாதியடி 45½, தென்வடல் ஜாதியடி 60'. பட்டாவில் ஹெக்டேர், ஏர். நிலத்தின் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படத்திலோ கோடுகளின் மேல் வெறும் எண்கள். அந்த எண் லிங்க்கா மீட்டரா என்று முடிவு செய்யாமல் டேப்பை விரித்தால் அன்றைய வேலை கெட்டது.

பழைய புலப்படங்கள் கண்டர் சங்கிலியில் அளந்தவை. சங்கிலி 66 அடி, 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 0.201168 மீட்டர். 1620இல் எட்மண்ட் கண்டர் இந்த நீளத்தை எடுத்துக்கொண்டதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். அடியில் அளந்தால் 435.6ஆல் வகுத்து மாள வேண்டும்.

சந்தேகம் தீர்க்கவும் இதே கணக்குத்தான். படத்திலுள்ள முக்கோணங்களின் பரப்பைப் போட்டுக் கூட்டுங்கள். 1,000ஆல் வகுத்தால் பத்திரத்துச் சென்ட் வருகிறதா, எண்கள் லிங்க். 100ஆல் வகுத்தால் பட்டாவின் ஏர் வருகிறதா, மீட்டர். இரண்டும் வரவில்லை என்றால் உட்பிரிவு மாறியிருக்கும், அல்லது கையில் இருப்பது வேறு புலத்தின் படம். நகலின் மேல் ஸ்கேலை வைத்து அளப்பது மட்டும் கூடவே கூடாது. ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு ஏற்பச் சுருக்கிக் கொடுத்திருப்பார்கள்.

அதிகம் நடக்கும் தவறு, லிங்க்கை ஐந்தால் வகுத்து மீட்டர் என்பது. வாய்க்கணக்குக்குச் சரி, கல் நடுவதற்கு ஆகாது. 20 மீட்டர் சங்கிலியும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம். கண்டர் சங்கிலியோ 20.1168 மீட்டர். 640 லிங்க்குக்கு 500 லிங்க் அளவுள்ள ஒரு காட்டை, அதாவது விவசாய நிலத்தை, எடுத்துக்கொள்வோம். சரியான பரப்பு 3 ஏக்கர் 20 சென்ட். ஐந்தால் வகுத்தால் 128 மீட்டருக்கு 100 மீட்டர். 3 ஏக்கர் 16 சென்ட்டோடு நின்றுவிடும். 3.7 சென்ட், சுமார் 1,600 சதுர அடி காணோம். நீளத்தில் மட்டும் 75 சென்டிமீட்டர் குறைகிறது. ஒரு பொழியின், அதாவது எல்லை வரப்பின், அகலம் அது. பங்காளிகள் வாய்ப்பேச்சு நிற்க அது போதும்.

அடிக்கணக்கில் வேறொரு வம்பு. 45 அடி 6 அங்குலத்தை 45.6 என்று கால்குலேட்டரில் தட்டுவது. 6 அங்குலம் என்றால் 45.5, 45.6 என்பது 45 அடி 7.2 அங்குலம். 45 அடி 11 அங்குலத்தை 45.11 என்று எழுதிவிட்டால் பத்து அங்குலம் போச்சு. ஜாதியடியை இன்றைய புழக்கத்தில் 12 அங்குல அடியாகவே எடுக்கிறோம்.

எண் சரியானாலும் டேப் ஏமாற்றும். பத்துக்கு ஒன்று சரிவில் தரையோடு படுக்கவிட்டு அளந்தால் 100 மீட்டருக்கு அரை மீட்டர் கூடுதலாகக் காட்டும். மேட்டாங்காட்டில் டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிபடியாக இறங்க வேண்டும். இட்டேரி (காடுகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) ஓரம் கிளுவை வேலி குறுக்கே நின்றால் டேப் வளைந்து போகும். அதுவும் கூடுதலாகவே காட்டும். வேலிக்கு இணையாக உள்ளே தள்ளி ஒரு கோடு பிடித்து, இரு முனையிலும் ஒரே அளவு செங்குத்தாக எடுப்பது நல்லது.

பழைய சங்கிலியும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. வளையங்கள் தேய்ந்து நீண்ட சங்கிலி, தூரத்தைக் குறைத்தே சொல்லியிருக்கும். அதனால் அசலான அளவுக்கல் குறைந்தது இரண்டு கிடைக்கிறதா என்று முதலில் தோண்டிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு கற்களுக்கும் நடுவே படத்தில் 500 லிங்க் என்றிருந்தால் 100.58 மீட்டர் வர வேண்டும். டேப் 100.90 காட்டுகிறது என்று வையுங்கள். கூடிய 32 சென்டிமீட்டரை இடையிலுள்ள கற்களுக்கு அதனதன் தூரத்துக்கு ஏற்பப் பிரித்துப் போட வேண்டும்; நடுவில் 250 லிங்க்கில் வரும் கல் 16 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மொத்தத்தையும் கடைசிக் காட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது.