கரீஸ் மைதானம்

டர்பன் தாவரவியல் பூங்காவிலிருந்து நகரை நோக்கி இறங்கினால், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு பழைய விளையாட்டரங்கம் இருக்கிறது. அதன் முழுப் பெயர் கரீஸ் ஃபவுண்டன். எங்கள் வீட்டில் அது வெறும் கரீஸ்தான். 1870களின் இறுதியில், பெரியா மேட்டின் அடிவாரத்தில், கரி என்ற நகரமன்ற உறுப்பினரின் முயற்சியால் தோண்டப்பட்ட ஊற்றுக் கிணறு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. கிணற்றின் தேவை போன பிறகும் அந்தப் பெயர் இடத்தோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளையரின் கிரிக்கெட்டுக்குக் கிங்ஸ்மீட் இருந்தது. ரக்பிக்குக் கிங்ஸ் பார்க் வந்தது. கால்பந்து, கிரிக்கெட், ஓட்டப்பந்தயம் என எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் நாடியது கரீஸைத்தான். நிறவேற்றுமை பாராத தென்னாப்பிரிக்கக் கால்பந்து லீக் 1961இல் தொடங்கியபோது ஏசஸ் யுனைடெட், அவலான் அத்லெட்டிக் அணிகளின் ஆட்டங்களுக்கு இங்கே கூட்டம் நெரிந்தது. நகராட்சிகள் மைதானங்களைத் தர மறுத்தே சில ஆண்டுகளில் அந்த லீக்கின் மூச்சை நிறுத்தின. ஓர் ஆட்டத்தை ஒழிக்க அதன் நிலத்தைப் பிடுங்கினால் போதும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

ஆனால் கரீஸ் என்றதும் அப்பா முதலில் சொல்வது பந்தாட்டத்தை அல்ல, 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலையை. போர்த்துகீசியர் பிடியிலிருந்து மொசாம்பிக் விடுபடுவதை வாழ்த்தவும், அதற்காகப் போராடிய ஃப்ரெலிமோ இயக்கத்தைப் போற்றவும் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தினர் இங்கே பொதுக்கூட்டம் அறிவித்தார்கள். அமைச்சர் ஜிம்மி க்ரூகர் அதற்குத் தடை விதித்தார். தடையை அறிந்தும் மக்கள் திரண்டார்கள். போலீசார் நாய்களை ஏவி அவர்களைக் கலைத்தார்கள். வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்த அப்பா, பயந்து ஓடியவர்களோடு தானும் ஓடியதாகச் சொல்வார். அதைத் தொடர்ந்து பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்து, 1976 டிசம்பரில் ஒன்பது பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ராபன் தீவுச் சிறைக்குப் போன அவர்களில் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் டர்பன்காரர்கள். மூட்லி என்பது நம் 'முதலி'தான். இந்நாட்டுப் பதிவேடுகளில் எழுத்து மாறிப்போனது.

இன்று அங்கே மாணவர்கள் பந்து விளையாடுகிறார்கள். போன மாதம் அப்பாவை அழைத்துப் போனேன். உள்ளே போய் உட்காரலாம் என்றேன். அவர் வாயிலருகே நின்று, எந்தத் தெரு வழியாக ஓடினார் என்பதைத்தான் முதலில் காட்டினார்.